ஒன்பது நாள் மிஷனரி

மிஷன் டிரிப் போய்த் திரும்பியவர்களிடம் சபையில் கேட்பது மூன்றே கேள்விகள்தான். "எப்படி இருந்துச்சு?" "சாப்பாடு ஒத்துக்கிச்சா?" "எத்தனை பேர்?" முதல் இரண்டுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதுதான் வில்லங்கம். எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. எத்தனை பேர் கை தூக்கினார்கள், எத்தனை பேர் ஜெபத்துக்கு முன்னால் வந்தார்கள் என்று அர்த்தம். ஒரு எண்ணைச் சொன்னால் கேட்டவர் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்.

2024 ஜூனில் கம்போடியாவில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தேன். வகுப்பில் பலர் "சுற்றுலாவா, ஊழியமா, தொண்டா?" என்று கேட்டார்கள். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு என்பதால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே நீட்டி எழுதுகிறேன்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். (தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம்.) சபையிலிருந்து பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு வாரம், பத்து நாள் வேறொரு நாட்டுக்குப் போய் அங்குள்ள சின்னச் சபையோடு தங்குவதுதான் மிஷன் டிரிப். பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, ஆங்கில வகுப்பு, சுவருக்குச் சாயம் அடிப்பது, முடி வெட்டுவது, நாடகம், பாட்டு. சிங்கப்பூரில் இது சர்வசாதாரணம். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் சாங்கிக்குப் போய்ப் பாருங்கள். ஒரே நிறத்தில் டீ-சட்டை போட்ட கும்பல் ஒன்று கிட்டார் பெட்டியோடு வட்டமாக நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் இன்னும் பெரிய அளவு. ராபர்ட் வுத்னோ என்ற சமூகவியலாளர் 2005ஆம் ஆண்டு எடுத்த கணிப்பை வைத்து, அந்நாட்டுச் சபையார் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படி வெளிநாடு போய்வருவதாக எழுதியிருக்கிறார்.

நாங்கள் 12 பேர். ஆளுக்கு 1,100 வெள்ளி. பாதியை நாங்களே போட வேண்டும், மீதியை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பலகாரம் விற்றுச் சேர்க்க வேண்டும். என் ஆச்சி மூட்டு வலியோடு உட்கார்ந்து 40 பொட்டலம் முந்திரிக்கொத்து செய்து கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் காலி. ஆறு சனிக்கிழமை பயிற்சி. நோவா பேழை நாடகம், இரண்டு ஆக்‌ஷன் பாட்டு, ஆளுக்கு மூன்று நிமிடச் சாட்சி.

விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். புனோம் பென்னில் இறங்கி வடகிழக்கே கம்போங் சாம் போகும் சாலையில் வேனில் போனோம். வழியில் ஸ்குன் என்ற ஊரில் தட்டுத் தட்டாக வறுத்த சிலந்தி விற்கிறார்கள். எங்கள் குழுவில் வீரம் பேசிய இரண்டு பேர் காலை மட்டும் கடித்துப் பார்த்தார்கள். நான் வேனைவிட்டே இறங்கவில்லை. :-)

ஸ்குன் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். வயல் வரப்பெல்லாம் பனை. எனக்குப் பனையை ஆச்சியின் பேச்சில்தான் தெரியும். பதநீர், நுங்கு, கருப்பட்டி, ஓலைப்பெட்டி என்று ஆச்சி பேச ஆரம்பித்தால் நிற்காது. அந்த மரம் இங்கே வரிசை வரிசையாக நிற்கிறது. கம்போடியாவுக்குப் பனைதான் தேசிய மரம், 2005இல் அறிவித்திருக்கிறார்கள். மூங்கில் ஏணி கட்டி ஏறுகிறார்கள், பாளை சீவுகிறார்கள், சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிறார்கள். 

மொழியில் இன்னொரு ஆச்சரியம். கெமர் எழுத்து பல்லவர் காலத்து எழுத்திலிருந்து வந்தது என்று படித்திருந்தேன். பார்த்தால் ஒன்றும் புரியாது, அது வேறு விஷயம். காதில் விழுந்த சொற்கள்தான் என்னைப் பிடித்தன. ஆசிரியருக்கு 'க்ரூ'. முகத்துக்கு 'முக்'. படத்துக்கு 'ரூப்'. மனிதனுக்கு 'மனுஹ்', எழுதும்போது மனுஸ்ஸ. உணவுக்கு 'ஆஹா', எழுதும்போது ஆஹார. உணவகப் பலகையில் இருக்கும் நீளமான சொல்லைப் பிரித்துப் பார்த்தால் போஜனமும் ஸ்தானமும் வருகிறது. பள்ளியில் நாங்கள் படித்த தமிழில் மனிதன், உணவு, மொழி. ஆச்சியின் வேதப்புத்தகத்தில் மனுஷன், ஆகாரம், பாஷை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழைய மொழிபெயர்ப்பைத்தான் ஆச்சி இன்னும் வாசிக்கிறார்கள். "யாருக்கு ஆச்சி இந்தத் தமிழ் புரியும்?" என்று வீட்டில் எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். கம்போங் சாமில் எனக்குத் துணைக்கு வந்தது அந்தத் தமிழ்தான்.

சபை என்றால் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை. ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வருவார்கள், அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள். 2019 கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் 97 விழுக்காட்டினர் பௌத்தர்கள், கிறிஸ்தவர்கள் ஒரு விழுக்காடு கூட இல்லை. 1975 ஏப்ரலிலிருந்து 1979 ஜனவரி வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கு முன் இருந்த சின்னச் சபையும் அதோடு ஏறத்தாழ அழிந்தது. 1990இல்தான் மறுபடி வெளிப்படையாகக் கூடி ஆராதிக்க அனுமதி கிடைத்தது. அந்த அறையில் இருந்த வயதானவர்கள் எல்லாரும் இதைத் தாண்டி வந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் நின்று இருபது வயதில் நாங்கள் 'சோதனைகளில் ஜெயம்' என்று சாட்சி சொல்ல வேண்டும்.

எங்கள் மொழிபெயர்ப்பாளரைப் 'போங்' என்று கூப்பிட்டோம். மூத்தவர்களுக்கு, அண்ணனானாலும் அக்காவானாலும், அங்கே போங்தான். முப்பது வயதிருக்கும். மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறார், கொஞ்சம் வயல் இருக்கிறது, சபையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஆங்கிலம் கேட்டுக் கேட்டுக் கற்றது. இரண்டாம் நாள் மாலை எங்கள் குழுவில் ஒரு பெண் பரீட்சை பற்றிச் சாட்சி சொன்னாள். மனஅழுத்தம், பெற்றோர் எதிர்பார்ப்பு, எதிர்பார்த்த மதிப்பெண் வராதது, அதிலும் தேவன் ஆறுதல் தந்தது என்று முழுசாக மூன்று நிமிடம். போங் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். பிறகு அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "இந்தத் தங்கைக்குப் பரீட்சை கஷ்டமாக இருந்தது, இயேசு கூட இருந்தார் என்று சொன்னேன்" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் ஒன்றையும் விடவில்லை.

நாங்கள் ஆறு சனிக்கிழமை பழகிய ஆக்‌ஷன் பாட்டைப் பிள்ளைகள் எங்களைவிட வேகமாகப் பாடினார்கள். கையசைவு கூட அதேதான். ஒரு பையன் போட்டிருந்த சட்டையில் கொரிய எழுத்து, இன்னொருவன் சட்டையில் ஏதோ ஒரு அமெரிக்கச் சபையின் பெயர், ஆண்டு 2019. முன்னால் சுவரில் வந்துபோன குழுக்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. அந்த ஆண்டு நாங்கள் எத்தனையாவது என்று கேட்டேன். நான்காவது என்றார் போங். ஜூன் மாதம் அங்கே மழை பிடிக்கும் நேரம், உழவு நேரம். எங்களோடு இருந்த ஒன்பது நாளும் அவர் வயலுக்குக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார், பட்டறையைப் பூட்டியிருந்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், அவர் சொன்னார். எனக்கு முன்னால் வந்தவர்கள் யாரும் கேட்கவில்லையோ என்னவோ, கேட்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

ஒரு பாட்டி இருந்தார். கெமரில் பாட்டிக்கு 'யியாய்', தாத்தாவுக்குத் 'தா'. அந்த யியாய் தினமும் எங்களுக்குச் சோறு போட்ட ஆறு பெண்களில் மூத்தவர். ஐந்தாம் நாள் இடியாப்பம் மாதிரி இருக்கும் நும் பஞ்சோக் என்ற அரிசிச் சேவையில் மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். போங் மூலமாக ஒரு கேள்வி கேட்டார்: "நீ இங்கே வந்துவிட்டாயே, வீட்டில் பெரியவர்களுக்கு யார் சமைப்பது?" ஆச்சிதான் எனக்குச் சமைக்கிறார்கள் என்று சொன்னேன். அதைப் போங் மொழிபெயர்த்ததும் சமையல்காரப் பெண்கள் எல்லாரும் ஒரு சிரிப்புச் சிரித்தார்கள் பாருங்கள்!

அந்த யியாயின் பேத்திதான் எங்கள் குழுவின் செல்லம். ஏழு வயது, முன்பல் இரண்டும் விழுந்த வாய், எங்கே போனாலும் எங்களில் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். அவள் அப்பா இறந்துவிட்டார். அம்மா தாய்லாந்தில் கட்டட வேலை செய்கிறார். ஒன்றரை ஆண்டாக ஊருக்கு வரவில்லை, மாதா மாதம் பணம் அனுப்புகிறார், வாரம் இரண்டு முறை போனில் பேசுகிறார். அந்தப் பக்கத்தில் நிறைய வீடுகள் இப்படித்தான். அம்மா அப்பா எல்லைக்கு அப்பால், பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு.

பயணத்தைப் பற்றி இவ்வளவு போதும். திரும்பி வந்த பிறகு நடந்ததுதான் விஷயம்.

வீடு திரும்பிய முதல் இரண்டு நாள் எல்லாருக்கும் வருகிற அதே உணர்ச்சிகள். வெந்நீர்க் குழாயைப் பார்த்தால் குற்ற உணர்வு, பேரங்காடியில் பதினெட்டு வகை தயிர் பார்த்தால் கோபம். இதற்கென்றே பயிற்சித் தாளில் ஒரு பக்கம் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் எல்லாம் சரியாகிவிட்டது, நானும் அந்தத் தயிரில் ஒன்றை வாங்கினேன்.

நான்காம் நாள் வாலிபர் கூட்டத் தோழி ஒருத்தி படத்தொகுப்பு அனுப்பினாள். ஞாயிறு ஆராதனையில் குழு சார்பாக ஐந்து நிமிடம் நான் பேச வேண்டும், பின்னால் இருபது படம் ஓட வேண்டும். ஏழாவது படத்தில் யியாயின் பேத்தி. அழுக்குக் கவுன், பின்னால் மழைமேகம், நேராக நம்மைப் பார்க்கும் கண். நல்ல படம். கீழே 'அனாதைக் குழந்தைகளுக்கு நம்பிக்கை' என்று எழுதியிருந்தது.

"அவளுக்கு அம்மா இருக்காங்கடி" என்று போன் பண்ணிச் சொன்னேன்.

"தெரியும். ஆனா கூட இல்லல்ல? பார்க்கிறவங்க மனசைத் தொடணும். அடுத்த வருஷ காணிக்கை இதை வச்சுத்தான். அங்கேருந்து யாரு வந்து பார்க்கப்போறா?"

அவள் கெட்டவள் இல்லை. ஒன்பது நாளும் எங்களில் அதிகம் உழைத்தது அவள்தான். ஆனால் அந்த ஒரு சொல் கம்போடியாவில் லேசான சொல் இல்லை. 2011இல் கம்போடிய அரசும் யுனிசெஃபும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. 2005இல் 154 ஆக இருந்த பிள்ளைகள் இல்லங்கள் 2010இல் 269 ஆகிவிட்டன. அங்கே வளர்ந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பவர்கள். போரும் பஞ்சமும் முடிந்து நாடு தலையெடுத்த காலத்தில் அனாதை இல்லங்கள் ஏன் பெருக வேண்டும்? வெளிநாட்டுப் பணமும், வந்து பார்த்துக் கண்கலங்கிப் போகும் ஆட்களும் பெருகியதால்தான். ஏழைப் பெற்றோரிடம் "உன் பிள்ளைக்குப் படிப்பு, சாப்பாடு" என்று சொல்லி வாங்கி வந்து சேர்த்தார்கள். அதே 2011இல் ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் இல்லை என்று பிரசாரமே நடத்தியது. எங்கள் ஏழாவது படம் ஒரு இல்லத்தையும் கட்டப்போவதில்லை, உண்மைதான். ஆனால் அந்தச் சந்தை ஓடுவது இந்த மாதிரிப் படங்களாலும் இந்த மாதிரித் தலைப்புகளாலும்தான்.

மிஷன் கமிட்டி அங்கிளிடம் போனேன். தலைப்பை 'பாட்டியுடன் வாழும் மாணவி, அம்மா தாய்லாந்தில் வேலை செய்கிறார்' என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்படிப் போட்டா அந்தப் படம் எதுக்கும்மா? எடுத்துடலாம்" என்றார். ஏழாவது படம் போனது. பத்தொன்பது ஆனது.

அன்று இரவு ஆச்சிக்கு நான் வாங்கி வந்திருந்த பனஞ்சர்க்கரையைக் கொடுத்தேன். கம்போங் ஸ்பியு மாகாணத்தது, புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. ஆச்சி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்கள். "பனைதான். ஆனா கருப்பட்டி இல்ல. நம்மூர்ல சுண்ணாம்பு போடுவாவ, அந்த மணம் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இன்னொரு விரல் எடுத்தார்கள். நான் படத்தின் கதையைச் சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்கள்.

ஆச்சி மெஞ்ஞானபுரம் பக்கத்து ஊர். 1950களில் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஆளுக்கு ஒரு வெளிநாட்டுப் புரவலர் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை அவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும்.

"டீச்சரம்மா சொல்லச் சொல்ல எழுதணும்ளா. எனக்கு உடுத்த துணி இல்ல, வீட்ல ஒண்ணும் இல்லன்னு. எங்க வீட்ல இருவது பனை நின்னுச்சு, ஆடு நின்னுச்சு, எங்கப்பா கருப்பட்டி வித்து எனக்கு வெள்ளிக் கொலுசு போட்டிருந்தாவ. கொலுசக் கழட்டி வச்சிட்டுத்தான் போட்டோ எடுத்தாவ."

"நீங்க ஒண்ணும் சொல்லலயா ஆச்சி?"

"சோறு போட்டாவளே. படிக்க வச்சாவளே. என்னத்தச் சொல்ல?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்தக் கடுதாசிய எங்கப்பா படிச்சிருந்தா சும்மா இருந்திருக்க மாட்டாவ" என்றார்கள்.

இது என்னைத் தூங்கவிடவில்லை. எழுந்து கால்டுவெல்லைத் தேடிப் படித்தேன். அவரைத் தமிழ் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர். எங்களைப் போல ஒன்பது நாள் ஆள் இல்லை. 1841இல் இடையன்குடிக்கு வந்தவர், 1891இல் சாகும்வரை அந்த மக்களோடே வாழ்க்கையைக் கழித்தார். கோயில் கட்ட மட்டும் 33 ஆண்டு, 1847இல் தொடங்கி 1880இல் முடிந்தது. இறந்தது கொடைக்கானலில், புதைத்தது இடையன்குடிக் கோயிலிலேயே. அப்பேர்ப்பட்டவர் 1849இல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். அவர்கள் அறிவில், குணத்தில், பழக்கத்தில் எவ்வளவு தாழ்ந்தவர்கள் என்று இங்கிலாந்தில் இருக்கும் ஆதரவாளர்கள் படிக்கிற மாதிரி. படிக்கப்போவது அவர்கள் இல்லை என்ற நம்பிக்கையில்தான் அப்படி எழுத முடியும். ஆனால் அவரும் அவரைப் போன்றவர்களும் திறந்த பள்ளிகளிலேயே அந்த மக்களின் பிள்ளைகள் ஆங்கிலம் படித்தார்கள், ஒருநாள் அந்தப் புத்தகத்தையும் படித்தார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் அவர் அதைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டி வந்தது. அவர் செய்த நன்மையை இது அழித்துவிடாது. என் ஆச்சி படித்ததும், அதனால் நான் இங்கே உட்கார்ந்து எழுதுவதும் அந்த வரலாற்றில்தான் தொடங்குகிறது. ஆனால் ஊரில் செய்த வேலைக்கும் வீட்டுக்கு எழுதிய கடிதத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. ஐம்பது ஆண்டு இருந்தவருக்கே அது இருந்தது.

குறுகிய காலப் பயணங்களை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் செலவைத்தான் பேசுகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸை நாசமாக்கியது. அதன் பிறகு நடந்த வீடு கட்டும் பணியைக் கர்ட் வெர் பீக் ஆராய்ந்து 2006இல் எழுதினார். உள்ளூர் அமைப்பு ஒரு வீட்டைச் சுமார் 2,000 டாலருக்குக் கட்டியது. வட அமெரிக்காவிலிருந்து ஒரு குழு வந்து ஒரு வீடு கட்டிப்போகப் பயணச் செலவோடு சுமார் 30,000 டாலர். சரி, போனவர்களின் வாழ்க்கையாவது மாறியதா என்று பார்த்தால் அதிலும் நிலைத்த மாற்றம் சொற்பம். அதற்கெல்லாம் முன்னால் 1968இலேயே இவான் இல்லிச் என்ற பாதிரியார் மெக்சிகோவுக்குத் தொண்டு செய்ய வந்த மாணவர்களின் மாநாட்டில் நின்றுகொண்டு, தயவுசெய்து வராதீர்கள், ஊர் சுற்றிப் பார்க்க வேண்டுமானால் வாருங்கள் என்கிற மாதிரி முகத்துக்கு நேராகப் பேசியிருக்கிறார். கூப்பிட்டவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்!

நான் இல்லிச் அளவுக்குப் போக மாட்டேன். காரணம், கிளம்பும் முந்தின இரவு போங் சொன்ன ஒன்று. எங்கள் மாதிரிக் குழு வருவதால் உங்களுக்கு என்ன லாபம் என்று நேராகவே கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் கிராமத்தில் கிறிஸ்தவர்கள் நாலு குடும்பம். யார் வீட்டுக்கும் உறவினர் அதிகம் வருவதில்லை. நீங்கள் வந்தால் பக்கத்து வீட்டார், உங்களுக்கு வெளியூரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்வோம்." பாட்டைப் பற்றியோ சாயம் அடித்த சுவரைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சொந்தக்காரர்கள் வந்து போக டிக்கெட் செலவு ஆகத்தான் செய்யும், அதை யாரும் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட மாட்டார்கள். ஆனால் எந்தச் சொந்தக்காரனும் ஊருக்குத் திரும்பிப் போய், தான் சாப்பிட்ட வீட்டுப் பிள்ளையை அனாதை என்று சொல்ல மாட்டான்.

ஞாயிறு வந்தது. ஐந்து நிமிடம். நாங்கள் 12 பேர் போனோம், 13,200 வெள்ளி ஆனது என்று தொடங்கினேன். ஆறு பெண்கள் ஒன்பது நாளும் எங்களுக்குச் சமைத்தார்கள், இரண்டு குடும்பங்கள் தங்கள் படுக்கையைக் கொடுத்துவிட்டு வராந்தாவில் படுத்தார்கள், ஒருவர் உழவு நேரத்தில் வயலை விட்டு எங்களோடு வந்தார். நாங்கள் கற்றுக்கொடுக்கப் போன பாட்டு அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, அதனால் சேர்ந்து பாடினோம். கெமர் மொழிக்கு 1923இல் வந்த ஹாமண்ட் என்ற மிஷனரி மொழிபெயர்த்த முழு வேதாகமம் வெளிவந்தது 1954இல், ஆகவே ஒன்பது நாளில் நாங்கள் என்ன முடித்திருப்போம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அடுத்த முறை எப்போது வர வேண்டும், எத்தனை பேர் வர வேண்டும் என்பதை அவர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு 'ஆமென்' வந்தது. மற்றபடி அமைதி. காப்பி நேரத்தில் ஒரு ஆன்ட்டி வந்து தோளைத் தட்டி, "நல்லாப் பேசினம்மா, ஆனா கொஞ்சம் உற்சாகமா சொல்லியிருக்கலாம்" என்றார். தோழி இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த முறை காணிக்கை முந்தைய ஆண்டைவிடக் குறைந்ததா கூடியதா என்று கமிட்டி அங்கிளிடம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போதகர் மட்டும் போங்கின் எண்ணை வாங்கிக்கொண்டார். அவரே பேசினாராம். 2025 ஜூனுக்குக் குழு வேண்டாம், அறுவடை எல்லாம் முடிந்து பிப்ரவரியில் மூன்று நான்கு பேர் வந்து ஒரு மாதம் தங்கினால் நல்லது, அதில் ஒருவருக்குக் கணக்கு எழுதத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது என்று போங் சொன்னாராம். பிப்ரவரியில் எங்களுக்கு வகுப்பு. யார் போவது என்று சபையில் அதற்குப் பிறகு பல கூட்டம் போட்டுவிட்டார்கள்.

அந்த ஏழாவது படத்தை நான் போங்குக்கு அனுப்பினேன், யியாயிடம் காட்டச் சொல்லி. அவர் அதைத் தாய்லாந்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் பார்த்தால் அது அந்த அம்மாவின் பேஸ்புக் முகப்புப் படம். கீழே கெமரில் ஏதோ எழுதியிருந்தார். போங்கிடம் கேட்டேன். "இரண்டு பல்லும் எப்போது விழுந்தது, எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று தன் அம்மாவைத் திட்டியிருக்கிறாள்" என்றார்.

2025 ஜூலையில் தாய்லாந்து, கம்போடிய எல்லையில் சண்டை மூண்டது. அங்கே வேலை பார்த்த கம்போடியர்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். அந்த அம்மாவும் ஆகஸ்டில் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்துவிட்டதாகப் போங் எழுதினார். சம்பளம் நின்றுவிட்டது, ஊரில் வேலை இல்லை, அடுத்து என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மகள் மட்டும் பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்று அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். பல் இரண்டும் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக.